ஆரல்வாய்மொழியிலிருந்து கரமனை வரை: 1809இல் கலகக்காரர் யார், அரசு யார்?

தெற்கிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வருவோர் கரமனை ஆற்றைக் கடந்தே நகருக்குள் நுழைய வேண்டும். நாகர்கோவில், தக்கலை, நெய்யாற்றின்கரை, நேமம், பாப்பனங்கோடு என்று வரும் நெடுஞ்சாலை இன்றும் அந்த ஆற்றைத்தான் கடக்கிறது. 1809ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆற்றுக்குத் தென்புறமுள்ள பாப்பனங்கோட்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை பாளையம் இறங்கியது. தலைநகரைக் காக்கத் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா ஆற்றங்கரைக்குப் படை எதையும் அனுப்பவில்லை. உம்மிணித் தம்பியின் தலைமையில் ஒரு தூதுக்குழுவையே அனுப்பினார். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தெற்கே, ஆரல்வாய்மொழி எல்லைக் கோட்டையில், பிப்ரவரி 10 அன்று திருவிதாங்கூரின் படையினராக நின்று போரிட்டவர்கள், கம்பெனிப் படை கரமனை ஆற்றை நெருங்கியபோது கலகக்காரர்களாக மாறியிருந்தார்கள். அவர்கள் வேறு அணிக்குத் தாவவில்லை. அவர்களைக் குறிக்கும் சொல்தான் மாறியது.

வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியைப் பற்றிய எழுத்துகள் குண்டறை விளம்பரத்திலும் மண்ணடிக் கோயிலில் நிகழ்ந்த மரணத்திலும் நெடுநேரம் நிற்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆரல்வாய்மொழிப் போர் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. போர் மிகச் சிறியது என்பது உண்மைதான். ஓர் இரவும் ஒரு விடியலும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆனால் ஓர் அரசின் அமைச்சர், அரசின் படையோடு, அரசின் எல்லைச் சுவரைக் காத்து நின்றது எப்படிக் 'கலகம்' ஆயிற்று என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இடத்தைப் பற்றி. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியுமிடத்தில், திருநெல்வேலிச் சமவெளிக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் இடையே உள்ள கணவாய் ஆரல்வாய்மொழி. ஆங்கிலேய ஆவணங்கள் அதனை 'அரம்போலி' என்று திரித்து எழுதின. இன்று அவ்வழியே பயணிப்போர் கண்ணில் முதலில் படுபவை முப்பந்தலின் காற்றாலைகள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே முதலில் தென்பட்டது ஒரு மதில். மதுரைப் பக்கத்திலிருந்தும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் வந்த படையெடுப்புகளைத் தடுக்க எழுந்த அரண் அது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றபின் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்த டி லனாய், திருவிதாங்கூரின் படையையும் கோட்டைகளையும் ஐரோப்பிய முறையில் சீரமைத்தபோது, தென்னெல்லை அரண்களும் வலுப்பெற்றன. கடற்கரையில் வட்டக்கோட்டை, உள்நாட்டில் உதயகிரி, கணவாயில் ஆரல்வாய்மொழி என்று ஒரு தொடர் உருவாயிற்று. கணவாயின் குறுக்கே ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்குச் சிறு கொத்தளங்களும் அவற்றை இணைக்கும் சுவரும் இருந்தன. இரு முனைகளும் மலைகளில் சென்று முட்டின. நாட்டின் விளிம்பு என்பதால் தண்டனைக்குரிய இடமாகவும் அது இருந்தது. 1752இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடி மலை இங்கேதான் உள்ளது.

இந்த மதில் யாரை எதிர்நோக்கிக் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் முகம் திருநெல்வேலியை நோக்கியது. அது எழுந்த காலத்தில் எதிர்ப்புறம் இருந்தவை நவாபின் ஆட்சியும் பாளையங்களும். 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கட்டபொம்மனும் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டு, திருநெல்வேலி ஒரு கம்பெனி மாவட்டமாயிற்று. சுவர் நகரவில்லை, அதன் மறுபுறத்து அண்டை அரசு மட்டும் மாறிவிட்டது. அந்த அண்டை அரசோ 1795ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி திருவிதாங்கூரின் பாதுகாவலன். அதன் துணைப்படை கொல்லத்தில் முகாமிட்டிருந்தது. அதாவது 1809இல் ஆரல்வாய்மொழிச் சுவர் எதிர்கொண்ட பகைவன், ஏற்கெனவே சுவருக்கு உள்ளேயும் இருந்தான். எந்தக் கோட்டைப் பொறியாளரும் எதிர்பார்க்காத நிலை இது.

வேலுத்தம்பியின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், 'கலகக்காரர்' என்ற சொல்லின் நெகிழ்வு இன்னும் தெளிவாகும். கல்குளம் பகுதியின் தலக்குளத்தில் 1765இல் பிறந்து, இரணியலில் காரியக்காரராக இருந்தவர் அவர். 1799இல் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவர் கையில் அரசு சிக்கி, கட்டாய வரி வசூல் தாங்கமுடியாததாக மாறியபோது, தென்பகுதி மக்களைத் திரட்டிக்கொண்டு தலைநகரின் கோட்டை வாசலுக்கு வந்தார். தெற்கிலிருந்து வந்த அந்தக் கூட்டத்துக்கும் வழி கரமனைதான். அப்போது அவர் ஐயமறக் கலகத் தலைவர். மன்னர் பணிந்தார், மூவரும் பதவி இழந்தனர், வேலுத்தம்பி முளகு மடிசீலைக் காரியக்காரராக, அதாவது வணிகத்துறைப் பொறுப்பாளராக, அரசுக்குள் நுழைந்தார். விரைவிலேயே தளவாய் ஆனார். கணக்குகளைச் சீராக்கினார், சாலைகளும் சந்தைகளும் அமைத்தார், ஊழல் செய்தோருக்கு உறுப்பறுப்பு உள்ளிட்ட கொடுந்தண்டனைகள் விதித்தார். அவருடைய கடுமையை அவரைப் போற்றுவோரும் மறைப்பதில்லை.

1804இல் நாயர் படையினரின் படிச்செலவைக் குறைக்க அவர் முயன்றபோது ஆயிரக்கணக்கான வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். தளவாயை நீக்க வேண்டும், ஆங்கிலேயர் உறவைக் கைவிட வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். இப்போது அரசு வேலுத்தம்பி, கலகக்காரர்கள் படைவீரர்கள். அவர் கொச்சிக்குச் சென்று ரெசிடெண்ட் காலின் மெக்காலேயின் துணையை நாடினார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதற்கான விலை மறு ஆண்டே கேட்கப்பட்டது. 1805ஆம் ஆண்டு ஒப்பந்தம் துணைப்படைக்கான ஆண்டுக் கட்டணத்தை எட்டு இலட்சம் ரூபாயாக உயர்த்தியதோடு, உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடும் உரிமையையும் கம்பெனிக்கு வழங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எல்லையில் வேலுத்தம்பி நம்பி நிற்க நேர்ந்தது, 1804இல் கம்பெனியின் துணையோடு அவரே ஒடுக்கிய அதே படையைத்தான். வீரர்கள் அன்று வைத்த கோரிக்கைகளில் இரண்டாவதை 1808இல் தளவாயே ஏற்றுக்கொண்டார் என்று சொல்வது மிகையன்று.

எட்டு இலட்சத்தைத் திருவிதாங்கூரால் செலுத்த முடியவில்லை. நிலுவை ஏறியது, மெக்காலே நெருக்கினார், உறவு முறிந்தது. கொச்சி அரசின் அமைச்சர் பாலியத்தச்சனுடன் வேலுத்தம்பி உடன்பாடு கண்டார். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது, மெக்காலே தப்பினார். அடுத்த சில நாள்களில் ஆலப்புழைப் பகுதியில் கரையிறங்கிய ஏறத்தாழ முப்பது ஐரோப்பியப் படையினர் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். கைதிகளைக் கொன்ற இச்செயலைத் தேசிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. ஆனால் பின்னர் நிகழ்ந்த பழிவாங்கலின் கடுமைக்கு அதுவே முதன்மைக் காரணம். அதை விட்டுவிட்டு 1809ஐ விளக்க முடியாது. ஜனவரி 11 அன்று குண்டறையில் தளவாய் விளம்பரம் வெளியிட்டார். கம்பெனியின் நம்பிக்கைத் துரோகத்தையும், அது வென்றால் கோயில்களுக்கும் வாணிகத்துக்கும் குலவழக்கங்களுக்கும் நேரக்கூடியதையும் அது எச்சரித்தது. அதில் நாட்டுரிமையின் குரல் உண்டு. சாதி ஒழுங்கைக் காக்கும் குரலும் உண்டு. முன்னதை மட்டும் கேட்பதும் பின்னதை மட்டும் கேட்பதும் ஒருபோலக் குறைவாசிப்பே. 1801இல் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கையோடு அதனை அருகருகே வைத்து ஆராய்வது பயன்தரும்.

குண்டறை விளம்பரத்துக்கு எதிர்விளம்பரம் சில நாள்களிலேயே சென்னை அரசிடமிருந்து வந்தது. ஆய்வாளர்கள் இன்னும் உற்று நோக்க வேண்டிய ஆவணம் இதுதான். கம்பெனிப் படை திருவிதாங்கூருக்குள் நுழைவது மன்னர்மீது போர்தொடுக்க அன்று என்று அது அறிவித்தது. மன்னரைத் திவானின் பிடியிலிருந்து மீட்பதும், அந்த அபாயகரமான அமைச்சரின் அதிகாரத்துக்கு முடிவு கட்டுவதும், இரு அரசுகளுக்கும் இடையிலான பழைய உறவை மீண்டும் நிறுவுவதுமே நோக்கம் என்றது. அமைதியாக இருக்கும் மக்களுக்குத் தீங்கில்லை என்றும் உறுதி கூறியது. இந்த ஒரே ஆவணம் மூன்று செயல்களைச் செய்கிறது. மன்னரையும் அமைச்சரையும் தனித்தனியே பிரிக்கிறது. படையெடுப்பை மீட்பு என்று பெயர் மாற்றுகிறது. இனிமேல் ஆயுதம் ஏந்துவோர் தம் சொந்த மன்னருக்கு எதிராகவே ஏந்துகிறார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கிறது. போர் நடப்பதற்கு முன்பே 'அரசு' எது, 'கலகம்' எது என்பது வரையறுக்கப்பட்டுவிட்டது. வரையறுத்தது திருவனந்தபுரம் அன்று, சென்னை.

அதே ஜனவரியில் கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் துணைப்படையோடு நடந்த போரில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. கொச்சித் தாக்குதலும் தோல்வியில் முடிந்தது. வடக்கிலும் நடுவிலும் ஆள்கள் சிதறிக் கிடந்த நிலையில், தெற்கில் புதிய முனை திறந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் செயிண்ட் லெஜர் தலைமையில் வந்த படை, பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரல்வாய்மொழிக்கு எதிரே வந்து சேர்ந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை நெருங்கும் பருவம் அது.

அந்தப் படையின் சேர்க்கையும் பொருளுடையது. அதில் இருந்த மன்னரின் 69ஆம் ரெஜிமெண்ட், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் தாக்குதலில் பலரை இழந்த அதே ரெஜிமெண்ட். மூன்றாண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், அது மதராஸ் சிப்பாய்ப் படைகளோடு தோளோடு தோள் நின்று ஆரல்வாய்மொழிக்கு வந்தது. மதிலின் இருபுறமும் நின்ற இந்தியர்களில் தமிழ் பேசுவோர் இருந்தார்கள். 'வெள்ளையர் எதிர் நாட்டவர்' என்ற எளிய படம் இங்கே பொருந்தவில்லை.

தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ். தமிழக வரலாற்று மாணவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று எழுதியவர் இவரே. பின்னர் அந்த மருதுவை எதிர்த்த போரிலும் பங்கேற்றவர். வேலூர் நிகழ்வுக்குப் பின் 1806 இறுதியில் பாளையங்கோட்டையில் ஐயத்தின்பேரில் தம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தவரும் இவரே. கால் நூற்றாண்டுக் காலம் தென்னிந்தியாவின் ஒவ்வொரு கிளர்ச்சியின் ஓரத்திலும் இவர் நிற்கிறார். 1830இல் இலண்டனில் வெளியான இவருடைய நினைவுக்குறிப்புகள் இரு தொகுதிகளும் ஆரல்வாய்மொழிப் போருக்கு நேர்ச்சான்று. வென்றவரின் சான்று என்பதை மறக்காமல் படிக்க வேண்டியது.

கணவாயின் முகப்பில் நேராகத் தாக்கினால் கொத்தளங்களின் பீரங்கிகளை எதிர்கொள்ள வேண்டும். ஆகவே வெல்ஷ் மதிலின் தென்முனையைத் தேர்ந்தார். அங்கே மலையே அரண் என்று கருதப்பட்டது. பாறையும் முட்புதரும் நிறைந்த அச்சரிவில் படை ஏறிவரும் என்று காவலர் எதிர்பார்க்கவில்லை. பிப்ரவரி 9ஆம் நாள் இரவு, ஐரோப்பியரும் சிப்பாய்களும் அடங்கிய ஒரு பிரிவு வெல்ஷின் தலைமையில் அந்தச் சரிவில் ஏறத் தொடங்கியது. மணிக்கணக்காக நீண்ட ஏற்றம் அது. விடியும் முன் அவர்கள் மதிலின் மேல்முனையை அடைந்து கைப்பற்றினர். அங்கிருந்த பீரங்கிகளைத் திருப்பிக் கீழேயுள்ள முதன்மை அரண்களை நோக்கிச் சுட்டனர். வெளியை நோக்கி அமைந்த கொத்தளங்கள் உள்ளிருந்து வரும் குண்டுகளுக்குத் திறந்து கிடந்தன. கீழே செயிண்ட் லெஜரின் முதன்மைப் படை வாயிலை நோக்கி முன்னேறியது. காவற்படை அரண்களையும் பீரங்கிகளையும் கைவிட்டுப் பின்வாங்கியது. தாக்கியவர் தரப்பில் இழப்பு மிகக் குறைவு.

தோல்விக்குக் கோழைத்தனம், துரோகம் என்ற இரண்டு விளக்கங்களே வாய்மொழியில் மிகுதியாகச் சுற்றுகின்றன. இரண்டும் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், 1789 டிசம்பரில், வடக்கே நெடுங்கோட்டையில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை இதே அரசின் வீரர்கள் முறியடித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பாதுகாப்பு என்பது ஒப்பந்தத்தின் வழியே விலைக்கு வாங்கப்படும் பொருளாயிற்று. கருவூலத்தின் பணம் துணைப்படைக்குச் சென்றது. சொந்தப் படையின் படிச்செலவு குறைக்கப்பட்டது. அரசு ஆண்டுதோறும் பணம் செலுத்தி வளர்த்த படையமைப்பே அதன் மதிலில் ஏறியது.

அடுத்த ஒன்பது நாள்கள் வேகமானவை. கோட்டாறு, நாகர்கோவில் பகுதியில் மீண்டும் எதிர்ப்பு நிகழ்ந்து முறிந்தது. பிப்ரவரி 19 அன்று உதயகிரியும் பத்மநாபபுரமும் போரின்றியே கம்பெனியின் கைக்கு வந்தன. டி லனாயின் கல்லறை இருக்கும் கோட்டையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. எல்லை தோற்றபின் உட்கோட்டைகளுக்குப் பொருளில்லை என்று படையினர் கருதினர் போலும்.

வேலுத்தம்பி தலைநகருக்கு விரைந்து மன்னரைச் சந்தித்ததாகவும், பழி முழுவதையும் தம்மீதே சுமத்திவிடுமாறு கூறி வெளியேறியதாகவும் மரபுச் செய்தி உண்டு. தம் வாளைக் கிளிமானூர் அரண்மனையில் ஒப்படைத்தார் என்பதும் அம்மரபைச் சேர்ந்ததே. அந்தச் சந்திப்பு மரபு கூறுவது போலவே நடந்ததாயின், சென்னையின் எதிர்விளம்பரம் வகுத்த பாத்திரத்தைத் தளவாய் தாமே ஏற்று மன்னரைக் காத்தார் என்று கொள்ள வேண்டும். எப்படியாயினும் விளைவு ஒன்றே. பாப்பனங்கோட்டுக்குச் சென்ற தூதுக்குழு, எழுச்சி திவானின் தனிச்செயல் என்ற விளக்கத்தை மன்னரின் பெயரால் உறுதிப்படுத்தியது. மார்ச் மாதத்திலேயே உம்மிணித் தம்பி புதிய திவான் ஆனார். பழைய திவானின் தலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அவரைத் தேடிச் சென்றவர்களில் திருவிதாங்கூர் அரசின் ஆள்களே முன்னின்றனர்.

மார்ச் இறுதியில் மண்ணடி பகவதி கோயிலில் வேலுத்தம்பி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உடல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கண்ணம்மூலையில் கழுமரத்தில் தொங்கவிடப்பட்டது. தம்பி பத்மநாபன் தம்பியும் வைக்கம் பத்மநாப பிள்ளையும் தூக்கிலிடப்பட்டனர். இறந்த உடலை இவ்வாறு இழிவுபடுத்தியதைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே பின்னர்க் கண்டித்தார். தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கியது புதிய திவானின் ஆட்சி. திருவிதாங்கூர்ப் படை, அரண்மனைச் சடங்குகளுக்கு வேண்டிய சில நூறு பேர் தவிரக் கலைக்கப்பட்டது. போர்ச் செலவும் திருவிதாங்கூரின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

'கலகம்' என்ற சொல் யாரை வேண்டுமானாலும் பற்றக்கூடியது என்பதற்கு அதே ஆண்டு ஒரு விந்தையான சான்றும் தந்தது. சென்னை கவர்னர் ஜார்ஜ் பார்லோவுக்கும் மதராஸ் படையின் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் இடையே படிச்செலவு, உரிமைகள் பற்றிய பூசல் முற்றி, 1809 கோடையில் வெளிப்படையான கிளர்ச்சியாயிற்று. அதற்குமுன் மே 1 அன்று பார்லோ பணிநீக்கம் செய்த அதிகாரிகளின் பட்டியலில் ஆரல்வாய்மொழியை வென்ற செயிண்ட் லெஜரின் பெயரும் இருந்தது. ஒழுங்கின்மையைத் தூண்டியதாக அவர்மீது குற்றம். மூன்று மாதங்களுக்கு முன் அவர் அரசின் கரம்.

பின்வந்த வரலாற்றெழுத்தில் இந்தப் பெயர்மாற்றம் நிலைபெற்றுவிட்டது. 1878இல் சங்குண்ணி மேனன், 1906இல் நாகமய்யா ஆகியோர் எழுதிய திருவிதாங்கூர் வரலாறுகள் அரசப் பணியில் இருந்தோர் எழுதியவை. தளவாயின் ஆற்றலை அவர்கள் மதித்தார்கள்; மன்னரை எழுச்சியிலிருந்து விலக்கியும் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தேசிய எழுத்து தளவாயைத் தியாகியாக்கியது. ஆனால் அதுவும் அவரைத் தனிமனிதராகவே காட்டியது. அவர் தலைமை வகித்த அரசமைப்பு, அதன் படை, அதன் எல்லை ஆகியவை பார்வையிலிருந்து மறைந்தன. எதிர்விளம்பரத்தின் 'தனிமனிதத் திவான்' என்ற சட்டகம் புகழுரையிலும் தொடர்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது இன்னொரு விலகலும் நேர்ந்தது. தளவாயின் பிறந்த ஊரும் அவர் இழந்த எல்லைக் கோட்டையும் உதயகிரியும் தமிழ்நாட்டில் உள்ளன. சிலையோ திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் நிற்கிறது. தமிழகத்தின் தொடக்ககால எதிர்ப்பு வரலாறு 1801, 1806 என்ற இரு ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. 1809 கேரள வரலாறு என்று ஒதுக்கப்படுகிறது. மலையாள எழுத்தில் குண்டறையும் மண்ணடியும் விரிவு பெற, ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் ஊராகச் சுருங்குகிறது. வெல்ஷின் குறிப்புகளில் மருதுவும் பாளையங்கோட்டையும் ஆரல்வாய்மொழியும் ஒரே புத்தகத்துக்குள் தொடர்ந்து வருகின்றன. நம் பாடத்திட்டங்களில் அவை இரண்டு மாநிலங்களின் இரண்டு தாள்கள்.

கரமனை ஆற்றைக் கடந்து தூது சென்ற உம்மிணித் தம்பியின் முடிவையும் சொல்ல வேண்டும். பாலராமபுரத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தியதும் விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்த்ததும் அவருடைய குறுகிய ஆட்சியின் பணிகள். 1810இல் மன்னர் இறந்தார். கௌரி லட்சுமி பாய் அரியணை ஏறினார். மறு ஆண்டு உம்மிணித் தம்பி பதவி நீக்கப்பட்டு, ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவான் பொறுப்பையும் ஏற்றார். பின்னர் உம்மிணித் தம்பிமீது சதிக் குற்றம் சாட்டப்பட்டது. திருவிதாங்கூரிலிருந்து அவர் நாடு கடத்தப்பட்டார்.